முப்பத்தைந்து சென்ட்

நுழைவுச்சீட்டு நான்கு.
கார் நிறுத்த முப்பது டாலர்,
அது தனி என்று யாரும் சொல்லவில்லை.
ஈரி ஏரியின் காற்று இலவசம்.
நீர்க்காகங்களும் இலவசம்தான்;
கோல்ட்டனின் உருளை வறுவலில் பாதியை
அவையும் இலவசமாகவே எடுத்துக்கொண்டன.

எட்டு மாதம் பள்ளிப் பேருந்து ஓட்டி
காபித்தூள் டப்பாவில் சேர்த்த பணம்.
டப்பாவின் அடி பளபளக்கத் தொடங்கியபோது
இரும்புத் தண்டவாளம் எங்களை மேலே இழுத்துப்போய்
உச்சியில் ஒரு கணம் யோசித்து
கீழே துப்பியது.

இறங்கி வருகிற பாதை கடைக்குள்தான் போகிறது.
வேறு வழி வைக்கவில்லை.
சுவர் முழுக்கத் திரைகள்.
திரைக்கு நான்கு பேர்,
பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் வாயைத் திறந்தபடி.

எழுபத்திரண்டாம் எண் நாங்கள்.
மேசியின் கூந்தல் வானத்தைப் பார்த்து நிற்கிறது.
கோல்ட்டன் முன்பல் இல்லாமல் சிரிக்கிறான்.
என் ஒரு கை மூக்குக்கண்ணாடியில்,
இன்னொன்று அவன் சட்டைக் காலரில்.
டேரில்,
பதினெட்டுச் சக்கர லாரிக்கு அடியில் படுத்து
பிரேக் கழற்றுகிற என் டேரில்,
ஊசி போட உட்கார்ந்த குழந்தை மாதிரி
கண்களை இறுக மூடியிருக்கிறான்.

காகிதத்தில் வேண்டுமென்றால் இருபத்தெட்டு டாலர்.
அட்டைச் சட்டத்தோடு முப்பத்து நான்கு.

"பார்ப்பதற்குக் காசில்லையே"
என்று கண்டுபிடித்தவள் மேசி.
மாலைக்குள் ஐந்து முறை ஏறினோம்,
ஐந்து முறையும் ஓடிவந்து திரையைப் பார்த்தோம்.
ஒன்றில் நாக்கு நீட்டினோம். ஒன்றில் சல்யூட்.
ஒன்றில் கோல்ட்டன் முதுகைக் காட்டினான், எப்படி என்று தெரியவில்லை.
டேரிலின் கண்கள் மட்டும்
ஐந்திலும் மூடியே.

"திறந்துதான் வைத்திருந்தேன்."
"அப்பா, இதோ பார்."
"அது கேமராவின் கோளாறு."

கல்லாவில் இருந்த பெண்ணின் சட்டையில்
ரலிட்சா, வர்னா, பல்கேரியா என்று வில்லை.
ஐந்தாம் முறை எங்களைக் கண்டதும்
அவளே எண்ணைத் தட்டினாள்,
டேரிலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.
வாங்குகிறீர்களா என்று கேட்கவில்லை.

திரையைப் படமெடுக்கக் கூடாது என்று பலகை இருந்தது.
எடுக்கவில்லை.
சரி, ஒருமுறை எடுத்தேன்.
மேலே எரிந்த குழல்விளக்குதான் விழுந்தது,
அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என் போனில் அன்று நூற்று நாற்பது படம்.
எல்லாவற்றிலும் மூன்று பேர்.
எனக்குக் கணவன் உண்டு, பிள்ளைகள் உண்டு;
படத்தை நம்பினால்
அவர்களுக்குத்தான் நான் இல்லை.

வாசலில், பூச்செடியில் செய்த யானைக்கு முன்னால்
ஒரு பெரிய மனிதர்.
உயரத்தில் பெரியவர், அகலத்தில் இன்னும்.
தோளில் தூங்கும் பிள்ளை.
நீங்கள் எங்களை, நாங்கள் உங்களை என்று
கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.
நான் அவர் குடும்பத்தை ஆறு எடுத்தேன்.
அவர் ஒன்று எடுத்தார்,
போனைத் திருப்பித் தந்தார், போய்விட்டார்.

எலிரியாவில் பெட்ரோலுக்கு நிறுத்தினோம்.
எதிரே மருந்துக்கடை, உள்ளே படம் அச்சடிக்கும் பெட்டி.
ஒன்று முப்பத்தைந்து சென்ட்.
அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மேசி இருக்கிறாள். கோல்ட்டன் இருக்கிறான்.
நான், ஆம், நானே, வெயிலில் சுளித்த முகத்தோடு.
டேரிலின் கழுத்துக்கு மேல்
அந்த மனிதரின் கட்டைவிரல்,
இளஞ்சிவப்பாய், ஒரு முழு நிலவு போல.

ஓரத்தை வெட்டவா என்று பெட்டி கேட்டது.
வெட்டினால் விரலோடு டேரிலும் போவான்.
வேண்டாம் என்று அழுத்தினேன்.
சட்டம் ஒன்பது டாலர் என்றார்கள்;
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுநாடா போதும்.

பால் எடுக்கப் போகும்போதெல்லாம் வழக்கு நடக்கிறது.
விரலுக்குப் பின்னால் கண் மூடியிருந்தது
என்கிறார்கள் பிள்ளைகள்.
நன்றாகத் திறந்திருந்தது
என்கிறான் டேரில்,
சாட்சிக்கு என்னைப் பார்க்கிறான்.

நான் பாலை ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.